சனிக்கிழமையை ஜெயிலில் கழிப்பது எப்படி

தேவையானவை: ஃப்ரீபிஎஸ்டி ஓடும் சர்வர் ஒன்று, அதில் இசட்எஃப்எஸ் பூல் ஒன்று, அதன்மேல் ஜெயில் ஒன்று, ‘இதெல்லாம் நமக்குத் தெரியாததா’ என்கிற நினைப்பு தேவையான அளவு. கடைசிச் சாமான் கைவசம் இல்லாதவர்கள் மேற்கொண்டு படிக்கவேண்டாம். அவர்களுக்கு இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாள் பூராவும் என்ன செய்வார்கள், பாவம்.

எதைக் கெடுக்கப்போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்வோம். ஒரே கெர்னலின்மேல், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரித்துவைத்த அறைகளுக்கு ஃப்ரீபிஎஸ்டியில் ஜெயில் என்று பெயர். டென்மார்க்காரரான போல்-ஹென்னிங் காம்ப் எழுதி, 2000 மார்ச்சில் ஃப்ரீபிஎஸ்டி 4.0ஓடு வெளியே வந்தது. அதற்கு முன்னால் யூனிக்ஸில் ‘சிஹெச்ரூட்’ இருந்தது. அது கோப்புகளை மட்டும் ஒரு கிளைக்குள் அடைக்கும். உள்ளே இருப்பவர் ரூட்டாக இருந்தால் ஏறிக்குதித்து வெளியே வந்துவிடலாம். காம்ப் செய்த காரியம், ரூட்டின் பல்லையும் சேர்த்துப் பிடுங்கியது. இன்னொரு பக்கம் இசட்எஃப்எஸ்: சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005இல் ஓப்பன்சோலாரிஸில் வெளியிட்ட கோப்பு அமைப்பு. பவெல் யாக்குப் டாவிடெக் 2007இல் அதை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தார். இரண்டும் தனித்தனியாகத் தங்கமானவை. உங்கள் வேலை, இரண்டுக்கும் நடுவில் போய் நிற்பது; அதாவது பூலிலிருந்து பிரித்த ஒரு தனிக் கோப்பு அமைப்பை, டேட்டாசெட் என்பார்கள், ஜெயிலுக்குள் மவுண்ட் செய்யப் பார்ப்பது.

இனி விதிகள். ஒன்றாம் விதி மற்ற எல்லாவற்றுக்கும் தாய்: எக்காரணம் கொண்டும் ஜெயிலை விட்டு வெளியே வராதீர்கள். கோளாறு உள்ளே தெரிகிறது; ஆகவே காரணமும் உள்ளேதான் இருந்தாகவேண்டும். உள்ளே உட்கார்ந்து ‘மவுண்ட்’ என்று அடியுங்கள். ‘ஆபரேஷன் நாட் பர்மிட்டட்’ என்று பதில் வரும். அனுமதி இல்லையாம். யாருக்கு? ‘ஹூ ஆம் ஐ’ என்று கேட்டுப் பாருங்கள், ரூட் என்றே சொல்கிறது. யூசர் எண் 0. பூஜ்யத்துக்கே அனுமதி இல்லையென்றால் இது கெர்னலின் திமிர்தான். முன்னால் ‘சூடு’ சேர்த்து மறுபடி அடியுங்கள். ரூட்டாக இருந்துகொண்டு ரூட்டாகும்படி கேட்பதில் பயன் இல்லைதான், ஆனாலும் ஒரு திருப்தி. அடுத்து, மவுண்ட் செய்யப் பார்த்த டைரக்டரிக்கு 777 கொடுங்கள். 777 என்பது நம் தொழிலின் திருநீறு. எந்த நோய்க்கும் பூசலாம். தீரவில்லையென்றால் ‘-ஆர்’ சேர்த்து உடம்பு பூராவும் பூசலாம்.

உள்ளே நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு புராசஸின் நெற்றியிலும் அது எந்த ஜெயிலைச் சேர்ந்தது என்று கெர்னல் எழுதிவைத்திருக்கிறது. மவுண்ட் செய்யக் கேட்டால் நீ ரூட்டா என்பதோடு கேள்வி நிற்பதில்லை. எந்த ஜெயில், அந்த ஜெயிலுக்கு மவுண்ட் செய்யும் உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கும். அந்த உரிமையை எழுதும் பேனா, ஜெயிலுக்கு வெளியே அதைத் தாங்கி நிற்கும் ஹோஸ்ட்டில் இருக்கிறது. நீங்கள் பூசிய 777 இந்த விசாரணையில் சாட்சியாகக்கூட வராது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் ஹோஸ்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள்.

உள்ளேயே கொஞ்சநேரம் பொழுது போகவேண்டுமென்றால் பென் டிரைவையோ, பழைய யுஎஃப்எஸ் பார்ட்டிஷனையோ ஜெயிலுக்குள் மவுண்ட் செய்ய முயலுங்கள். ஆகவே ஆகாது. ஜெயிலுக்குள் எந்தெந்தக் கோப்பு அமைப்புகளை விடலாம் என்று கெர்னலில் ஒரு முத்திரை இருக்கிறது: டெவ்எஃப்எஸ், டெம்ப்எஃப்எஸ், நல்எஃப்எஸ், ப்ராக்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்றவற்றுக்கு உண்டு, யுஎஃப்எஸ்ஸுக்குக் கிடையாது. ‘எல்எஸ்விஎஃப்எஸ்’ என்ற கட்டளை அந்த முத்திரையை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போட்டுக் காட்டும். ஒரே வரிக் கட்டளை, ஒரே நொடி. ஆகவே அதை ராத்திரி வரை ஒத்திப்போடவும்.

காலைக் காப்பி ஆறிய பிறகு, வேறு வழியில்லாமல் ஹோஸ்ட்டுக்குப் போகவேண்டி வரும். கவலை வேண்டாம், அங்கேயும் நேரத்தைக் கொல்ல வசதி இருக்கிறது. இசட்எஃப்எஸ்ஸை ஜெயிலுக்குள் மவுண்ட் செய்ய ஒரே பூட்டு என்றால் யாரும் திறந்துவிடுவார்கள். நாலு பூட்டு வைத்திருக்கிறார்கள். ‘அலவ்.மவுண்ட்’ என்பது பொது உரிமை. ‘அலவ்.மவுண்ட்.இசட்எஃப்எஸ்’ என்பது இந்தக் கோப்பு அமைப்புக்கான தனி உரிமை. மூன்றாவது ‘என்ஃபோர்ஸ்_ஸ்டாட்எஃப்எஸ்’. நாலாவது, ஜெயிலின் டெவ் டைரக்டரியில் ‘இசட்எஃப்எஸ்’ என்ற சாதனக் கோப்பு கண்ணில் படவேண்டும். இதில் எந்த ஒன்று குறைந்தாலும் காரியம் நடக்காது. அதைவிட முக்கியம், எது குறைகிறது என்று எர்ரர் பளிச்சென்று சொல்லாது.

மூன்றாவது பூட்டின்மேல் எனக்குத் தனி மரியாதை. பெயரைப் பார்த்தால் மவுண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எவருக்கும் தோன்றாது. உண்மையில் அதன் வேலை, ஜெயிலுக்குள் இருப்பவருக்கு எந்தெந்த மவுண்டுகள் கண்ணில் படலாம் என்று தீர்மானிப்பது. 0 என்றால் ஹோஸ்ட்டின் மவுண்டுகள் எல்லாமே தெரியும். 1 என்றால் ஜெயிலின் வேருக்குக் கீழே உள்ளவை மட்டும். 2 என்றால் அந்த வேர் உட்கார்ந்திருக்கும் ஒரே மவுண்ட். சொல்லாமல் விட்டால் 2. இந்த எண் 2க்குக் கீழே இறங்கினால்தான் மேலே சொன்ன இரண்டு உரிமைகளும் செல்லுபடி. அதாவது முதல் இரண்டு வரிகளையும் ஒழுங்காக எழுதிவிட்டு, மூன்றாவதை எழுதாமல் விட்டால், நீங்கள் எழுதியது எல்லாம் எழுதாததற்குச் சமம். கெர்னலின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தன் மவுண்டுகளையே பார்க்க முடியாதவனை மவுண்ட் செய்ய விட்டால் கழற்றுவது எப்படி? மேனுவலில் ‘அலவ்.மவுண்ட்’ பத்தியிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். மேனுவலை யார் படிக்கிறார்கள்.

நாலாவது பூட்டைப் பொறுத்தவரை ஒரு சிக்கல். ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் ஜெயிலுக்கான டெவ்எஃப்எஸ் ரூல்செட், எண் 4, அந்தச் சாதனக் கோப்பைத் தானாகவே காட்டிவிடும். அப்படி விட்டால் நமக்கு வேலையில்லை. ஆகவே சொந்தமாக எண் 10 என்று ஒரு ரூல்செட் எழுதுங்கள். எல்லாவற்றையும் மறைக்கும் வரி, அடிப்படைச் சாதனங்களைக் காட்டும் வரி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனி ஜெயிலுக்குள் ‘இசட்எஃப்எஸ் லிஸ்ட்’ அடித்தால் அதன் லைப்ரரியே எழுந்திருக்காமல் புலம்பும். புலம்பலைப் பார்த்து பேக்கேஜ் கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டி, ஜெயிலின் அடிப்படை சிஸ்டத்தையே மறுபடி இறக்கலாம். மதியச் சாப்பாடு வரை தாங்கும்.

பூட்டுகளைத் திறக்கும் முறையும் முக்கியம். நாலையும் ஒரே தடவையில் எழுதிவிடக்கூடாது. ஒன்றை மாற்றுங்கள், ஜெயிலை நிறுத்தி ஆரம்பியுங்கள், பாருங்கள், ஆகவில்லையா, அந்த மாற்றத்தை எடுத்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள். நாலும் ஒருசேரத் திறந்திருக்கவேண்டிய கதவுக்கு இதைவிடச் சிறந்த முறை கிடையாது, ஆயுசுக்கும் திறக்காது. ஓடும் ஜெயிலிலேயே ‘ஜெயில் -எம்’ போட்டு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஜெயிலுக்குள் இருந்தபடியே ‘சிஸ்கன்ட்ரோல்’ கட்டளையில் ‘செக்யூரிட்டி.ஜெயில்’ கிளையைக் கேட்டால், மவுண்ட் உரிமை 0வா 1ஆ, ஸ்டாட்எஃப்எஸ் எண் என்ன என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். அந்த வழி சுத்தமாக ஆகாது. கேட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

யாரையாவது உதவிக்குக் கூப்பிடுவதென்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஹோஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளும் சீனியர் ஒருவர் இருப்பார். சனிக்கிழமை மதியம், அவர் சாப்பிட்டுப் படுத்த நேரமாகப் பார்த்துப் போன் போடுங்கள்.

“அண்ணே, ஜெயில்ல மவுண்ட் ஆக மாட்டேங்குதுண்ணே.”

“என்ன எர்ரர் வருது தம்பி?”

“ஏதோ பர்மிஷன்னு வருதுண்ணே.”

“ஏதோன்னா? வந்ததை அப்படியே படி.”

“ஸ்கிரீன் கிளியர் பண்ணிட்டேண்ணே.”

“சரி, எந்த டேட்டாசெட்?”

“எல்லாமேதாண்ணே.”

இந்த உரையாடலில் எந்தத் தகவலும் கைமாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, விபிஎன் போட்டு உள்ளே வருவதற்குள் நீங்கள் ஜெயிலை அழித்துப் புதிதாக ஒன்று கட்டியிருக்கவேண்டும். அவர் பார்ப்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சக்கூடாது.

பூட்டெல்லாம் திறந்தபின் டேட்டாசெட்டை உள்ளே அனுப்பும் கட்டம். முறைப்படி இது இரண்டு அடி. டேட்டாசெட்டில் ‘ஜெயில்ட்’ என்ற குணத்தை ‘ஆன்’ செய்யவேண்டும். அந்த நொடியிலிருந்து ஹோஸ்ட் அதை மவுண்ட் செய்யாது. பிறகு ‘இசட்எஃப்எஸ் ஜெயில்’ என்ற கட்டளையால் இன்ன ஜெயிலுக்கு இது என்று ஒப்படைக்கவேண்டும். முதல் அடியை மட்டும் வைத்துவிட்டு நிறுத்துவது நல்ல பலன் தரும்: டேட்டாசெட் ஹோஸ்ட்டிலும் மவுண்ட் ஆகாது, ஜெயிலிலும் தெரியாது. ‘டேட்டாசெட் எதுவும் இல்லை’ என்று ஜெயில் சொல்லும். ‘இது ஜெயிலுடையது’ என்று ஹோஸ்ட் சொல்லும். அரசு அலுவலகத்தில் ஃபைல் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு மனசு நிறைந்துவிடும்.

ஒப்படைக்கும்போது ஜெயிலின் பெயரைக் கொடுக்கலாம், எண்ணையும் கொடுக்கலாம். எண்ணைக் கொடுங்கள், ஸ்கிரிப்டிலும் அதையே எழுதிவையுங்கள். ஜெயில் ஒவ்வொரு முறை எழும்போதும் எண் மாறக்கூடியது. அடுத்த ரீபூட்டில் வெப் சர்வரின் டேட்டா மெயில் சர்வரின் ஜெயிலுக்குள் போய் உட்காரும். பெயரைக் கொடுத்திருந்தாலும் ஒப்படைப்பு ஜெயில் நின்றவுடன் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யவேண்டும். அதற்கு ஜெயில்.கான்ஃபில் இடம் இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக. ‘எக்ஸெக்.போஸ்ட்ஸ்டார்ட்’டில் போடலாம், பெயரே கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அது ஓடுவது ஜெயிலுக்குள் சர்வீஸ்கள் எல்லாம் எழுந்து முடிந்த பிறகு. உள்ளே ஆர்சி.கான்ஃபில் ‘இசட்எஃப்எஸ்_எனேபிள்’ என்று அழகாக எழுதியிருப்பீர்கள். அது தன் முறை வந்தபோது பார்த்திருக்கும், ஒரு டேட்டாசெட்டும் இல்லை, சரி என்று போயிருக்கும். அதற்கு அப்புறம்தான் டேட்டாசெட் வந்து சேரும், கல்யாணம் முடிந்து பந்தியும் முடிந்த பிறகு வந்த மாப்பிள்ளைத் தோழனைப்போல. கையால் ‘இசட்எஃப்எஸ் மவுண்ட் -ஏ’ அடித்தால் உடனே ஆகும். ரீபூட் செய்தால் ஆகாது. ‘எக்ஸெக்.கிரியேட்டட்’ என்று ஒன்று இருக்கிறது; ஜெயில் உருவானதும், உள்ளே எதுவும் எழுவதற்கு முன்பு, ஹோஸ்ட்டில் ஓடும். ஒப்படைப்பை அங்கே போட்டால் கதை முடிந்துவிடும். ஆகவே அந்த வரி உங்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பயிற்சி ஆட்டம். ஸ்னாப்ஷாட்டையும், அதாவது டேட்டாசெட் ஒரு நொடியில் இருந்தபடியே உறையவைத்த பிம்பத்தையும், சேர்த்துக்கொண்டால்தான் சனிக்கிழமை ஞாயிறு வரை நீளும். ஜெயிலையும் ஸ்னாப்ஷாட்டையும் இணைக்கும் பாலம் ‘மவுண்ட்பாயிண்ட்’ என்ற குணம். அதை விவரமாகப் பார்த்துவிடலாம்.

ஹோஸ்ட்டில் ‘/ஜெயில்/வெப்’ என்ற இடத்தில் ஜெயில் இருக்கிறது. அதற்காக ஒரு டேட்டாசெட் உருவாக்குகிறீர்கள். பொறுப்பான மனிதராக அதன் மவுண்ட்பாயிண்ட்டை ‘/ஜெயில்/வெப்/டேட்டா’ என்று முழு முகவரியாகக் கொடுக்கிறீர்கள். ஹோஸ்ட்டிலிருந்து பார்த்தால் அது சரியான இடம். இப்போது ஒப்படைத்துவிட்டு, ஜெயிலுக்குள் போய் மவுண்ட் செய்கிறீர்கள். எர்ரர் இல்லை! ஆனால் ஒப்படைத்தபின் அந்த முகவரியை ஜெயிலின் வேரிலிருந்துதான் படிப்பார்கள். ஆக, ஜெயிலுக்குள் ‘/ஜெயில்/வெப்/டேட்டா’ என்று புதிதாக மூன்றடுக்கு டைரக்டரி முளைத்து, டேட்டாசெட் அதன் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹோஸ்ட்டின் கண்ணில் அது ‘/ஜெயில்/வெப்/ஜெயில்/வெப்/டேட்டா’. ஜெயிலுக்குள் ஓடும் டேட்டாபேஸுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அது சொன்னபடி ‘/டேட்டா’வில் எழுதுகிறது. அங்கே இருப்பது ஜெயிலின் வேரோடு சேர்ந்த வெறும் டைரக்டரி.

எல்லாம் ஓடும். எங்கேயும் சிவப்பு எழுத்து வராது. தினம் இரவு அந்த டேட்டாசெட்டுக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கும் கிரான் வேலையும் தவறாமல் ஓடும். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் இடமே எடுக்காததைப் பார்த்து, இசட்எஃப்எஸ் எவ்வளவு சிக்கனமானது என்று கூட்டத்தில் பெருமையாகச் சொல்லலாம். உள்ளே ஒன்றுமே இல்லாததால்தான் அந்தச் சிக்கனம்.

பின்னொரு நாள் யாரோ இதைக் கண்டுபிடித்து, மவுண்ட்பாயிண்ட்டை ‘/டேட்டா’ என்று திருத்துவார். உடனே காலி டேட்டாசெட், நிறைந்த டைரக்டரியின்மேல் போய்ப் படர்ந்துகொள்ளும். ஃப்ரீபிஎஸ்டி இதற்குத் தடை சொல்லாது. டேட்டாபேஸ் எழுந்து பார்த்தால் வெற்றிடம். இந்த இடத்தில் அலறுவது முறை. அலறிய கையோடு, ‘பேக்கப்பிலிருந்து எடுத்துவிடலாம்’ என்று அந்தக் காலி ஸ்னாப்ஷாட்களைத் திறந்து பார்த்து இன்னொரு முறை அலறவேண்டும். உண்மையில் பழைய கோப்புகள் ஒன்றுகூடப் போகவில்லை. மவுண்டின் அடியில் அப்படியே கிடக்கின்றன. டேட்டாபேஸை நிறுத்தி டேட்டாசெட்டைக் கழற்றினால் தெரிந்துவிடும். கழற்றாமலும் பார்க்கலாம்: ஹோஸ்ட்டில் ஜெயிலின் வேரை ‘நல்எஃப்எஸ்’ மூலம் வேறொரு இடத்தில் மவுண்ட் செய்தால், நல்எஃப்எஸ் தனக்கு மேலே படர்ந்திருக்கும் மற்ற மவுண்டுகளைத் தாண்டாது என்பதால், அடியில் இருப்பது கண்ணில் படும். இதே குணம்தான் வேறொரு நாள் உங்களைக் கவிழ்க்கும். பெற்றோர் டேட்டாசெட் ஒன்றை நல்எஃப்எஸ்ஸால் ஜெயிலுக்குள் காட்டிவிட்டு, அதன் பிள்ளை டேட்டாசெட்களும் கூடவே வரும் என்று நம்புவீர்கள். பிள்ளைகளின் பெயரில் காலி டைரக்டரிகள் மட்டும் வரும்.

ஸ்னாப்ஷாட்டைப் பற்றி அறிந்திருக்கவேண்டிய முதல் பாடம், அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலிருப்பது. ஒவ்வொரு டேட்டாசெட்டின் வேரிலும் ‘.இசட்எஃப்எஸ்’ என்ற டைரக்டரி உண்டு. ‘எல்எஸ் -ஏ’ போட்டாலும் தெரியாது, நேராகப் பெயரைச் சொல்லி உள்ளே போனால் கதவு திறக்கும். அதற்குள் ‘ஸ்னாப்ஷாட்’, அதற்குள் தேதிவாரியாக உங்கள் பழைய உலகம், படிக்க மட்டும். ஒரே ஒரு கோப்பை அழித்துவிட்டீர்கள் என்றால் அங்கே போய் ‘சிபி’ செய்தால் போதும். இதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஒரு கோப்புக்காக ‘ரோல்பேக்’ செய்யுங்கள். அது முதலில் மறுக்கும்: இதற்குப் பிறகு எடுத்த ஸ்னாப்ஷாட்கள் இருக்கின்றன, அவற்றை அழித்துவிட்டுப் போவதானால் ‘-ஆர்’ போடு என்று, எதை அழிக்கப்போகிறது என்கிற பட்டியலோடு சொல்லும். கம்ப்யூட்டரே வழி சொல்லும்போது நாம் யோசிக்கலாமா? போடுங்கள். புதன்கிழமைக் கோப்பு திரும்பி வரும். வியாழனும் வெள்ளியும் இல்லாமல் போகும்.

இடத்தைப் பற்றி. ஜெயிலில் டிஸ்க் நிரம்பிவிட்டது. 40 ஜிபி லாக் கோப்புகளை அழிக்கிறீர்கள். ‘டியூ’ குறைகிறது, ஆனால் காலி இடம் அப்படியே இருக்கிறது. ஸ்னாப்ஷாட் அந்தப் பழைய பிளாக்குகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் வேலையே அதுதான். சரி, எந்த ஸ்னாப்ஷாட் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘யூஸ்ட்’ என்று சில எம்பிதான் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு ஜிபி வராது. பாக்கி எங்கே போனது? அந்தப் பத்தியில் இருப்பது, அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டை மட்டும் அழித்தால் விடுபடும் இடம். இரண்டு ஸ்னாப்ஷாட்கள் சேர்ந்து பிடித்திருக்கும் பிளாக் இரண்டின் கணக்கிலும் வராது. கூட்டுப் பட்டா நிலத்தை யார் பெயரிலும் காட்டாத மாதிரி. மொத்தக் கணக்கு ‘யூஸ்ட்பை ஸ்னாப்ஷாட்ஸ்’ என்ற குணத்தில் இருக்கிறது. இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதிவரை அழித்தால் எவ்வளவு கிடைக்கும் என்று, அழிக்காமலேயே ‘டெஸ்ட்ராய் -என்வி’ சொல்லிவிடும். கைராசிக்காரர்கள் இதைக் கேட்காமல் ஒவ்வொன்றாக, பழையதிலிருந்து, ஒவ்வொரு தடவையும் காலி இடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி அழிப்பார்கள்.

இதில் ஜெயிலுக்கே உரிய ஒரு கூத்தும் உண்டு. ஒப்படைத்த டேட்டாசெட்டுக்கு ஹோஸ்ட் ‘கோட்டா’ வைத்திருக்கும். உள்ளே இருக்கும் ரூட்டால் அதை மாற்ற முடியாது. ஆனால் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியும், எத்தனை வேண்டுமானாலும். ‘கோட்டா’ ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்து எண்ணும், ‘ரெஃப்கோட்டா’ எண்ணாது. மணிக்கொருமுறை ஸ்னாப்ஷாட் எடுத்து, தானே தன் கழுத்தில் கயிற்றை இறுக்கிக்கொள்ளும் வசதியை ஜெயிலில் இருப்பவருக்குத் தந்திருக்கிறார்கள். முழுசாக இறுகினபின் சில சமயம் ‘ஆர்எம்’ கூட இடமில்லை என்று நின்றுவிடும். எழுதாமல் அழிக்க இந்தக் கோப்பு அமைப்புக்குத் தெரியாது. ஹோஸ்ட் ‘ஸ்னாப்ஷாட்_லிமிட்’ வைத்திருந்தால் எண்ணிக்கையாவது கட்டுக்குள் இருக்கும். எத்தனை பேர் வைக்கிறார்கள் என்பதை உங்கள் சர்வரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்குச் சிறப்பு ஆலோசனை. போஸ்ட்கிரெஸ்ஸின் டேட்டாவை ஒரு டேட்டாசெட்டிலும் அதன் வால் லாகை வேறொன்றிலும் பிரித்துவைத்து, இரண்டுக்கும் இரண்டு கிரான் வரிகளில், ஒரு நிமிட இடைவெளியில் ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஒரு பெற்றோரின்கீழ் இரண்டையும் வைத்து ‘-ஆர்’ போட்டு எடுத்தால் இரண்டும் ஒரே நொடியில் உறையும். கரண்ட் போய் வந்த மெஷினைப்போல டேட்டாபேஸ் தானே எழுந்து சுதாரித்துக்கொள்ளும். தனித்தனியாக எடுத்தால் டேட்டா ஒரு காலத்தில், லாக் இன்னொரு காலத்தில். திரும்ப எழுப்பும் அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை நிம்மதி.

‘டேட்டாசெட் இஸ் பிஸி’ என்ற எர்ரருக்கும் ஒரு மதியத்தை ஒதுக்கலாம். ஒரு ஸ்னாப்ஷாட்டை அழிக்கப் போனால் பிஸி என்கிறது. எந்த புராசஸ் பிடித்திருக்கிறது என்று ‘எஃப்ஸ்டாட்’ போட்டுத் தேடுங்கள். ஒன்றும் கிடைக்காது. ஜெயிலை நிறுத்துங்கள், ரீபூட் செய்யுங்கள். அப்போதும் பிஸி. மெஷின் எழுந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் யாருக்கு என்ன பிஸி? ஸ்னாப்ஷாட்டின்மேல் ‘ஹோல்ட்’ இருக்கிறது. இன்னொரு மெஷினுக்கு அனுப்பும் கருவி ஏதாவது, பாதியில் அழித்துவிடக்கூடாது என்று மாட்டிவைத்துவிட்டு மறந்துபோன சீட்டு. டிஸ்க்கில் எழுதப்பட்ட சீட்டு என்பதால் ரீபூட்டில் போகாது. ‘இசட்எஃப்எஸ் ஹோல்ட்ஸ்’ என்று கேட்டால் யார் மாட்டியது என்று குறிப்போடு வரும்.

பிஸிக்குப் பதில் ‘இதைச் சார்ந்த குளோன்கள் இருக்கின்றன’ என்று வந்தால் இன்னும் நல்லது. ‘-ஆர்’ பெரிய எழுத்தில் போட்டால் குளோனையும் சேர்த்து அழிக்கும் என்று அங்கேயே எழுதியிருக்கும். குளோன் என்பது ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்த, எழுதக்கூடிய நகல். மூன்று மாதம் முன்பு சோதனைக்காக எடுத்த குளோன்தான், அழிக்கலாம் என்று தோன்றும். அந்தச் சோதனை வெற்றிபெற்று, இன்றைக்கு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான் என்பதை நினைவுபடுத்த யாரும் வரமாட்டார்கள். ‘ப்ரமோட்’ என்ற கட்டளையால் குளோனை மூத்தவராக்கிவிட்டுப் பழையதை அழிக்கலாம். அது பொறுமைசாலிகளின் வழி.

இசட்எஃப்எஸ்ஸே வேண்டாம், யுஎஃப்எஸ் போதும் என்று இருப்பவர்களுக்கும் ஸ்னாப்ஷாட் உண்டு. ஒரு கோப்பு அமைப்புக்கு 20தான். இருபத்தொன்றாவதை எடுக்கப் பார்ப்பது சுருக்கமான பொழுதுபோக்கு. லினக்ஸ்காரர்கள் சிரிக்கவேண்டாம். அங்கே யூசர் நேம்ஸ்பேஸுக்கு டேட்டாசெட்டை ஒப்படைக்கும் வசதி 2023இல் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்பும் பின்பும் அவர்கள் பெரும்பாலும் செய்வது, கன்டெய்னரை ‘பிரிவிலேஜ்ட்’ என்று ஓட்டிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று டிக்கெட்டை மூடுவது. பூட்டைத் திறக்கத் தெரியாதவன் கதவையே கழற்றிவைத்த கதைதான்.

கடைசியாக, ஜெயில் வேண்டாம் என்று மூடும் கட்டம். இதை அவசரமாகச் செய்யவேண்டும். ஜெயிலை நிறுத்துங்கள், ‘ஜேஎல்எஸ் -டி’ போட்டால் ‘டையிங்’ என்று இழுத்துக்கொண்டிருக்கும், பழைய டிசிபி இணைப்பு ஒன்று முடியும்வரை. பொறுக்காமல் ஜெயிலின் வேர் டைரக்டரியை ‘ஆர்எம் -ஆர்எஃப்’ செய்யுங்கள், உள்ளே என்னென்ன இன்னும் மவுண்ட் ஆகியிருக்கின்றன என்று பார்க்காமல். நல்எஃப்எஸ்ஸால் ஹோஸ்ட்டின் டைரக்டரி ஏதாவது எழுதும் உரிமையோடு உள்ளே மாட்டியிருந்தால், அழிவது ஹோஸ்ட்டுடையது. இதைத் தாண்டிப் பிழைத்தீர்கள் என்றால் டேட்டாசெட்டை மட்டும் வைத்துக்கொள்ள ஆசைப்படுவீர்கள். ‘ஜெயில்ட்’ குணத்தை ‘ஆஃப்’ செய்தால் அது மறுபடி ஹோஸ்ட்டின் சொத்து.

அந்தக் குணத்தை ஏன் வைத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். டேட்டாசெட் உள்ளே இருந்த காலத்தில் அதன் மவுண்ட்பாயிண்ட்டை மாற்றும் உரிமை ஜெயிலின் ரூட்டுக்கு இருந்தது. ஜெயிலுக்குள் அவர் அதை ‘/ஈடிசி’ என்றோ ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ என்றோ வைத்திருந்தால், அவருடைய வேருக்குக் கீழே அது யாரையும் தொடவில்லை. ஹோஸ்ட்டின் கைக்கு வந்தபின் அதே முகவரி ஹோஸ்ட்டின் வேரிலிருந்து படிக்கப்படும். அடுத்த பூட்டில் ‘மவுண்ட் -ஏ’ ஓடும்போது, ஜெயிலில் இருந்தவர் எழுதிவைத்த பாஸ்வேர்ட் கோப்பு ஹோஸ்ட்டின் பாஸ்வேர்ட் கோப்பின்மேல் வந்து படரும். அவர் ரூட் பெயரில் வைத்துவிட்டுப் போன செட்யுஐடி புரோகிராம்களுக்கு ஹோஸ்ட்டிலும் ரூட் மரியாதை கிடைக்கும். முன்கூட்டியே ‘கேன்மவுண்ட்’டை ‘நோஆட்டோ’ ஆக்கி, ‘செட்யுஐடி’யை ‘ஆஃப்’ செய்துவிட்டு, ‘ஜெயில்ட்’டை எடுத்து, அதற்குப் பிறகு மவுண்ட்பாயிண்ட்டை நம் விருப்பப்படி மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். நாலு கட்டளை, அரை நிமிடம். மற்றவர்கள் ‘ஆஃப்’ செய்து, வேலை முடிந்தது என்று எழுந்து, திங்கட்கிழமை காலை சர்வரை ஒரு தடவை ரீபூட் செய்வார்கள்.